4-ஐவிட 5 உயர்ந்ததா? பழைய வேனின் கியர் எண்ணெய் சொல்லும் பாடம்



உங்களில் பலர் பள்ளி வேனில்தான் வருகிறீர்கள். நிசான் வேனட், தோயோத்தா ஹையஸ் போன்ற பழைய வேன்கள் நம் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பல, கையால் கியர் மாற்றும் வண்டிகள். ஓட்டுநர் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றும்போது சில வேளைகளில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஓட்டுநர் ஒருவர் இந்தச் சத்தத்தைப் பற்றி என்னிடம் வருத்தப்பட்டார். "எண்ணெய் மாத்தி ஒரு மாசந்தான் ஆச்சு சார். முன்ன ஊத்தினதைவிட ஒசத்தியான எண்ணெய். அதுக்கு அப்புறந்தான் இந்தச் சத்தம்" என்றார். காலி புட்டியையும் காட்டினார். அதில் 'ஜிஎல்-5' என்று இருந்தது. முன்பு ஊற்றியது 'ஜிஎல்-4'. நான்கைவிட ஐந்து பெரியது, எனவே ஐந்துதான் நல்லது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அவர் நினைத்தது சரியா? வாருங்கள், பார்ப்போம்.

கியர் மாறும்போது நடப்பது என்ன?

கியர் பெட்டிக்குள் இரண்டு வகைச் சுழற்சிகள் உண்டு. ஒன்று எஞ்சினிலிருந்து வருவது. மற்றொன்று சக்கரங்களுக்குப் போவது. இவற்றை இணைப்பவை பற்சக்கரங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரண்டாம் கியரில், எஞ்சின் பக்கம் 2 முறை சுற்றினால் சக்கரப் பக்கத் தண்டு 1 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் 1.4 முறைக்கு 1 முறை. இப்போது சக்கரப் பக்கத் தண்டு நிமிடத்திற்கு 1,500 முறை சுற்றுகிறது. அப்படியானால் இரண்டாம் கியரில் எஞ்சின் பக்கம் 3,000 முறை சுற்றும். மூன்றாம் கியர் விழ வேண்டுமானால் அது 2,100 ஆகக் குறைய வேண்டும். ஓட்டுநர் கிளச்சை மிதித்துக் கியர் கம்பியைத் தள்ளும் அந்தச் சிறு நேரத்திற்குள் இது நடந்தாக வேண்டும்.

இந்த வேகத்தைச் சமன் செய்வது ஒரு சிறிய வளையம். பட்டறையில் இதைச் 'சின்க்ரோ ரிங்' என்பார்கள். இதன் உட்புறம் கூம்பு வடிவில் இருக்கும். பற்சக்கரத்தில் உள்ள கூம்பின்மேல் அது அழுந்தி, சைக்கிள் பிரேக்கைப் போல உரசி, இரு பக்க வேகங்களையும் ஒன்றாக்கும். அதன் பிறகே பற்கள் ஒன்றோடொன்று சேரும். வளையம் வழுக்கினால் வேகங்கள் சமமாகா. பற்கள் மோதிக்கொள்ளும். நாம் கேட்கும் 'கர்ர்ர்' அதுதான்.

ஆகவே கியர் எண்ணெய்க்கு இரண்டு கடமைகள் உள்ளன. பற்களுக்கு இடையில் உராய்வைக் குறைக்க வேண்டும். வளையத்தில் மட்டும் போதிய உராய்வை விட்டுவைக்க வேண்டும். எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு இங்கே எடுபடாது.

புட்டியில் உள்ள முதல் எண்

புட்டியில் '75டபிள்யூ-90', '80டபிள்யூ-90' என்று எழுதியிருக்கும். இது எண்ணெயின் பாகுநிலையைக் காட்டும் எண். மலாயில் இதைக் 'கெலிகாத்தான்' என்பார்கள். ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பே பாகுநிலை. தண்ணீருக்கு அது குறைவு, தேனுக்கு அதிகம்.

முன்னால் உள்ள 75, 80 ஆகியவை கடுங்குளிரில் எண்ணெய் எப்படி இருக்கும் என்பதைக் குறிக்கின்றன. 75 என்ற வகை சுழியத்திற்குக் கீழ் 40 பாகை செல்சியஸிலும், 80 என்ற வகை சுழியத்திற்குக் கீழ் 26 பாகையிலும் சோதிக்கப்படுகின்றன. நம் நாட்டு வெயிலில் இந்த வேறுபாட்டால் பெரிய பாதிப்பு இல்லை.

பின்னால் உள்ள 90, எண்ணெய் 100 பாகை சூட்டில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறது. இந்த வகையின் பாகுநிலை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம். எஞ்சின் எண்ணெயில் 40, 50 என்று எழுதியிருப்பவையும் ஏறக்குறைய இதே பாகுநிலை கொண்டவைதாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு என்பதால் எண்களும் வேறாக உள்ளன. 90 என்பதால் அது 40-ஐவிட இருமடங்கு கெட்டி என்று எண்ணிவிடாதீர்கள்.

பழைய வண்டி இரைகிறது என்று சிலர் இன்னும் கெட்டியான எண்ணெயை ஊற்றுவார்கள். இரைச்சல் சற்று அடங்கலாம். ஆனால் வளையம் கூம்பைத் தொட வேண்டுமானால் நடுவில் உள்ள எண்ணெய்ப் படலத்தைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும். கெட்டி எண்ணெய் எளிதில் விலகாது. கியர் விழத் தாமதமாகும்.

இரண்டாவது எண்

ஜிஎல்-4, ஜிஎல்-5 ஆகியவை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த பிரிவுகள். எண்ணெய் எந்த வேலைக்கு உரியது என்பதை அவை சொல்கின்றன.

பின்சக்கரங்கள் இழுக்கும் வேனில், பின் அச்சின் நடுவே ஓர் உருண்டைப் பெட்டி இருக்கும். அதன் பெயர் 'டிஃபரன்ஷியல்'. அதற்குள் இருக்கும் ஹைபாய்டு பற்சக்கரங்கள், பெரும் அழுத்தத்தோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சுழல்கின்றன. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலமே கிழிந்துவிடும். அதனால் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். பற்கள் உரசிச் சூடாகும் இடத்தில் இவை இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாக அந்தப் படலம் தேயும். கியர் எண்ணெயின் காரமான நாற்றத்திற்குக் காரணம் இந்தக் கந்தகம்தான். ஜிஎல்-5 எண்ணெயில் இவ்வகைப் பொருள்கள் ஜிஎல்-4-இல் உள்ளதைவிட ஏறக்குறைய இருமடங்கு இருக்கும்.

பின் அச்சுக்கு அது தேவை. ஆனால் கியர் பெட்டியில் இருக்கும் வளையம் பெரும்பாலும் பித்தளையால் ஆனது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். சூட்டில் கந்தகம் செம்போடு வினைபுரிந்து கறுப்பு நிறச் செம்புச் சல்பைடாக மாறும். வெள்ளிக் கொலுசை ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தால், ரப்பர் பட்ட இடம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ரப்பரில் உள்ள கந்தகத்தின் வேலைதான். அதே போன்ற வினை கியர் பெட்டிக்குள் நடந்தால் வளையம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். அரிப்பு தொடங்கும் முன்பே, அந்த வேதிப்படலம் வளையத்தின் பிடியைக் குறைத்துவிடவும் கூடும். ஓட்டுநரின் வேனில் ஒரு மாதத்திலேயே சத்தம் வந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இதனால் எல்லா ஜிஎல்-5 எண்ணெயும் பித்தளையைக் கெடுக்கும் என்று பொருளல்ல. செம்பைக் காக்கும் பொருள்களும் இப்போது சேர்க்கப்படுகின்றன. சில வண்டிகளின் கியர் பெட்டிக்கு ஜிஎல்-5 எண்ணெயே பரிந்துரைக்கப்படுகிறது. ஜிஎல்-4-ஐப் பின் அச்சில் ஊற்றுவதும் தவறுதான். அங்கே பற்கள் தேய்ந்துவிடும். ஒரே வேனில் கியர் பெட்டிக்கு ஓர் எண்ணெயும் பின் அச்சுக்கு வேறோர் எண்ணெயும் தேவைப்படலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அதில் உள்ள இரண்டு எண்களும் புட்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். கையேடு தொலைந்திருந்தால், அந்த மாதிரி வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் தேடலாம்.

எண்ணெய் மாற்றும்போது, ஊற்றும் துளையின் மூடியை முதலில் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருக்கும் நிலையில் பழைய எண்ணெயை வடித்துவிட்டால், புது எண்ணெயை ஊற்ற வழியிருக்காது. வண்டியும் நகராது.

வடித்த எண்ணெயையும் கவனியுங்கள். சில வண்டிகளில் வடிதுளை மூடியில் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியுள்ள கருந்தூள், இரும்புப் பற்களிலிருந்து வந்தது. எண்ணெயில் பொன்னிறத் துகள்கள் மின்னினால் அவை பித்தளைத் துகள்கள். காந்தம் பித்தளையை ஈர்க்காது என்பது உங்களுக்குத் தெரியும். பொன்னிறத் துகள் நிறைய இருந்தால் வளையம் தேய்கிறது என்று பொருள்.

எங்கள் ஓட்டுநரின் வேனில் வடித்த எண்ணெய் பொன்னிறமாக மின்னவில்லை. கையேட்டில் சொன்ன ஜிஎல்-4 எண்ணெயை மெக்கானிக் ஊற்றினார். சில நாள்களில் சத்தம் குறைந்தது. இன்னும் சில மாதங்கள் அப்படியே ஓட்டியிருந்தால் கியர் பெட்டியையே பிரிக்க நேர்ந்திருக்கும். அத்தனை நாளும் வேனும் ஓடாது, அவருக்கு வருமானமும் இராது.

செய்து பாருங்கள்

மூன்று சிறு கண்ணாடிப் புட்டிகளில் தண்ணீர், சமையல் எண்ணெய், தேன் ஆகியவற்றை ஒரே அளவு ஊற்றி மூடுங்கள். மேலே சிறிது காற்றிடம் விடுங்கள். ஒவ்வொரு புட்டியையும் தலைகீழாகக் கவிழ்த்து, காற்றுக் குமிழ் மேலே வர எவ்வளவு நேரமாகிறது என்று குறியுங்கள். பிறகு தேன் புட்டியை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்து மீண்டும் அளவிடுங்கள். நேரம் ஏன் மாறுகிறது? உங்கள் வேன் ஓட்டுநருக்கும் அந்த விடையைச் சொல்லுங்கள்.