‘நாட் ஒன்லி’ எங்கே நிற்க வேண்டும்?

வங்கித் தேர்வோ, எஸ்.எஸ்.சி. தேர்வோ, ஆங்கிலப் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் ‘நாட் ஒன்லி – பட் ஆல்சோ’ அடிக்கடி தலைகாட்டும். இலக்கணத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகளும் அங்கே தடுமாறுகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில் அர்த்தமில்லை. தமிழ் நமக்குப் பழக்கிவிட்ட முறை வேறு.

‘கணக்கு மட்டுமல்ல, இயற்பியலும் நடத்தினார்’ என்கிறோம். ‘மட்டும்’, ‘உம்’ இரண்டும் தமக்குரிய சொல்லை ஒட்டிக்கொண்டே வரும். ஆங்கிலத்தில் அந்த ஜோடி தனித்து, சொல்லுக்கு முன்னால் நிற்கிறது. அதனால் எளிதில் இடம் பிசகிவிடும். ‘ஹி நாட் ஒன்லி டாட் மேத்ஸ் பட் ஆல்சோ ஃபிசிக்ஸ்’ என்று எழுதினால், முதல் பாதியை அடுத்து வினை, இரண்டாம் பாதியை அடுத்து பெயர். தராசு சாய்ந்துவிட்டது. ‘ஹி டாட் நாட் ஒன்லி மேத்ஸ் பட் ஆல்சோ ஃபிசிக்ஸ்’ என்றால் இரண்டு பக்கமும் பாடத்தின் பெயரே நிற்கிறது. பேச்சில் இங்கிலாந்துக்காரர்களே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தேர்வுத்தாள் விடாது. போத்–அண்ட், ஐதர்–ஆர் ஜோடிகளுக்கும் இதே கணக்குதான்.

‘நைதர்–நார்’ வந்தால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ‘டிரைவரும் வரவில்லை, பயணிகளும் வரவில்லை’ என்கிறோமே, ஒருவருக்கும் பலருக்கும் அதே ‘வரவில்லை’தான். நான், நீ, அவர்கள் யாரானாலும் அது மாறாது. இந்த ‘இல்லை’யில் ஒருமை, பன்மை பார்க்கும் வேலையே நமக்கு இல்லை. ஆங்கிலம் அங்கேயும் கணக்குக் கேட்கிறது. வினைக்கு அருகில் இருக்கும் எழுவாயே அதைத் தீர்மானிக்கும். ‘நைதர் தி டிரைவர் நார் தி பாசஞ்சர்ஸ் வேர் ஹர்ட்’. வரிசையை மாற்றிப் போட்டால், ‘நைதர் தி பாசஞ்சர்ஸ் நார் தி டிரைவர் வாஸ் ஹர்ட்’. இரண்டும் சரி என்றாலும் முதலாவதுதான் காதுக்கு இதம். நீங்களே எழுதும்போது பன்மையைப் பின்னால் வையுங்கள்.

‘ஆஸ் வெல் ஆஸ்’ இந்த விதிக்குள் வராது. ‘தி ஹெட்மாஸ்டர் ஆஸ் வெல் ஆஸ் தி டீச்சர்ஸ் ஹாஸ் சைன்ட்’. இங்கே வினை தலைமையாசிரியரைத்தான் பார்க்கும், பக்கத்தில் நிற்கும் ஆசிரியர்களை அல்ல.

‘நைதர் ஹி நார் ஐ ஆம் ரெஸ்பான்ஸிபிள்’ விதிப்படி சரி, ஆனாலும் உறுத்துகிறது. இப்படிப்பட்ட இடங்களில் வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுவது நல்லது என்பது, 1926-ல் வெளிவந்த தன் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுலர் சொன்ன யோசனை. ‘ஹி இஸ் நாட் ரெஸ்பான்ஸிபிள், அண்ட் நைதர் ஆம் ஐ’ என்று எழுதினால் உறுத்தல் போய்விடும். தேர்வு அறையில் அந்த வசதி கிடையாது; அங்கே வினைக்கு அருகில் நிற்பவர் யார் என்று பார்த்து விடையைக் குறியுங்கள்.