விரலளவு சுவடி

மதுரைமாநகரில் நான்காம் தமிழ்ச்சங்கத்தைப் பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் நிறுவினார். அதற்குத் தூண்டுகோலாய் அமைந்த நிகழ்ச்சியொன்றை அறிஞர் கூறுவர். அவர் மதுரையில் தங்கியிருந்த காலத்துத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டித் தேடச் செய்தாராம். சங்கம் வளர்த்த அப்பேரூரில் அந்நூல்களின் படி எளிதிற் கிட்டவில்லையாம். நூல் இல்லாத ஊரில் தமிழ் எங்ஙனம் வாழும் என்னும் கவலையே சங்கமாகவும், நூலகமாகவும், 1902ஆம் ஆண்டு முதல் 'செந்தமிழ்' என்னும் இதழாகவும் உருப்பெற்றது.

இன்று அதே நகரில், மாணவன் ஒருவன் தன் சட்டைப்பையில் இட்டுச் செல்லும் சிறு கருவியொன்றில் எத்தனை திருக்குறட்படிகள் அடங்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணிப்பொறி எழுத்துகளைப் பைட்டு என்னும் அலகால் அளக்கின்றது. இப்பொழுது பெருவழக்காயுள்ள ஒருங்குறி முறையில் 'க' என்பதற்கு 3 பைட்டு இடம் வேண்டும். 'கி' என்பதற்கும் 'க்' என்பதற்கும் 6 பைட்டு வேண்டும். மெய்யினின்று உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். கணிப்பொறியோ உயிர்மெய்யை முதலாகக் கொண்டு, அதன்மேற் புள்ளியிட்டு மெய்யாக்குகின்றது; ஆதலின் மெய்யெழுத்துக்கே செலவு மிகுதி! அது நிற்க. இடைவெளிகளையும் சேர்த்து, ஒரு குறளுக்குத் தாராளமாக 200 பைட்டு எனக் கொண்டாலும் 1330 குறளுக்கும் 2,66,000 பைட்டே ஆகும். 8 ஜிகாபைட்டு என்பது 800 கோடி பைட்டு. ஆகவே 8 ஜிகாபைட்டுக் கருவி ஒன்றில் ஏறத்தாழ முப்பதாயிரம் திருக்குறட்படிகள் அடங்கும்.

இக்கருவியை மக்கள் பென்டிரைவ் என வழங்குவர், யு.எஸ்.பி. டிரைவ் என்பாரும் உளர். தமிழில் இதற்கு 'விரலி' என்று பெயரிட்டுள்ளனர். விரலளவினதாகையால் இது பொருந்திய பெயரே. மஞ்சளில் விரலி மஞ்சள் என ஒன்றுண்டன்றோ? வல்லின றகரமிட்டு 'விறலி' என எழுதிவிட்டால் சங்ககாலத்தில் ஆடியும் பாடியும் வாழ்ந்த கலைமகளைக் குறிக்கும். அவளும் ஊர்தோறும் பாட்டைச் சுமந்து சென்றவளே என்பதனால் அப்பிழையை மன்னித்தல் இயலாது. எழுத்தைத் திருத்தமாக எழுதுக.

விரலியின் வரலாறு நீண்டதன்று. கணிப்பொறியோடு அச்சுப்பொறி முதலிய கருவிகளை இணைப்பதற்கு முன்னெல்லாம் வெவ்வேறு வடிவான துளைகளும் கம்பிகளும் இருந்தன. அவையனைத்திற்கும் பொதுவான ஒரே இணைப்பு வேண்டும் எனப் பல நிறுவனங்கள் கூடி, 1996ஆம் ஆண்டில் யு.எஸ்.பி. என்னும் பொதுமுறையை வெளியிட்டன. அதனை உருவாக்குவதில் முன்னின்றவர்களுள் ஒருவர், குசராத்தில் பிறந்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் என்னும் பொறியியலறிஞர். விரலியினுள்ளே இருக்கும் நினைவுச்சில்லை, அதாவது பிளாஷ் நினைவகத்தை, 1980களில் சப்பானிய அறிஞர் புஜியோ மசுவோகா தோஷிபா நிறுவனத்திற் கண்டுபிடித்தார். இவ்விரண்டும் ஒன்றுகூடிய விரலி 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரைச் சேர்ந்த டிரெக் நிறுவனம் அதனைத் 'தம்ப்டிரைவ்' என்னும் பெயரால் விற்றது. அதே ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் விற்ற விரலி 8 மெகாபைட்டுக் கொள்ளளவே உடையது. இன்று கடைகளில் அதனினும் ஆயிரமடங்கும் பதினாயிரமடங்கும் பெரியவை கிடைக்கின்றன.

மின்சாரத் தொடர்பு இல்லாதபோதும் விரலி செய்தியை எங்ஙனம் நினைவில் வைத்திருக்கின்றது? மதுரையைச் சூழ்ந்த வண்டியூர்க் கண்மாயையும் மாடக்குளம் கண்மாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். மழை நின்று, வையை வறண்டபின்னரும் கண்மாயில் நீர் நிற்பது ஏன்? கரை தடுத்து நிற்பதனால். நினைவுச்சில்லினுள் கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான சிற்றறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையையும் மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் கரைபோற் சூழ்ந்துள்ளது. எழுதும்போது மின்னழுத்தத்தை உயர்த்தி எலெக்ட்ரான்களை அக்கரைக்குள் செலுத்துகின்றனர். அழுத்தம் நீங்கியபின் அவை வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகின்றன. நீருள்ள கண்மாய் 0, நீரற்ற கண்மாய் 1 என்று படித்துக்கொள்ளலாம். சிக்கனம் கருதி, இக்காலத்தில் நிறைவு, குறைவு என்னும் இரு நிலைகளோடு நில்லாது, ஓர் அறையிலேயே எட்டு நிலைகளைப் பிரித்தறியுமாறு செய்கின்றனர். அளவுகல்லில் கோடுகள் நெருங்க நெருங்கப் பிழைபடுதலும் எளிதாகும் என்பதை மறத்தலாகாது. மேலும், கரையில் நீர் கசிவதுபோல இப்படலத்திலும் மெல்லக் கசிவு உண்டு. எழுதி அழிக்குந்தோறும் படலம் தேய்வதும் உண்டு.

கடைக்காரர் 16 ஜி.பி. என்று விற்ற விரலியைக் கணிப்பொறியிற் செருகிப் பார்த்தால் 14.9 எனக் காட்டும். ஏமாந்தோம் எனப் பலர் எண்ணுவர். செய்தவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். கணிப்பொறியில் உள்ள விண்டோஸ் 1024, 1024ஆகப் பெருக்கிக் கணக்கிடுகின்றது. வேறுபாடு அவ்வளவே. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985 என்பதைக் கேட்டு மதுரையார் எவரும் சினங்கொள்வதில்லையே!

இனி, விரலியைத் திறன்மிகு தொலைக்காட்சியோடு இணைக்கும் முறையைக் காண்போம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வையையாற்றில் இறங்கும் காட்சியைக் கைப்பேசியிற் பதிவுசெய்த பேரன், அதனை வீட்டிலுள்ள முதியோர் பெரிய திரையிற் காண வேண்டுமென விரும்புகின்றான் எனக் கொள்வோம். கைப்பேசியினின்று கணிப்பொறிக்கும், அதனின்று விரலிக்கும் அப்பதிவைப் படியெடுக்கின்றான். விரலியைத் தொலைக்காட்சியின் பின்புறத்தோ பக்கவாட்டிலோ உள்ள துளையிற் செருகியதும், திரையில் விரலியின் பெயர் தோன்றும். தோன்றாவிடின் ரிமோட்டில் உள்ள 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். செருகியில் மின்சாரத்திற்கு இரண்டு, செய்திக்கு இரண்டு ஆக நான்கு தகடுகள் உண்டு. மின்சாரம் முதலிற் சேரவேண்டும் என்பதற்காக அதற்குரிய தகடுகளைச் சற்று நீளமாக அமைத்துள்ளனர். துளையின் உட்புறம் நீலநிறமாயிருப்பின், அது பெரும்பாலும் 2008இல் வந்த விரைவு மிக்க மூன்றாம் வகையாகும். பழைய விரலியும் அதிற் பொருந்தும்.

படம் தோன்றிவிட்டால் நன்று. தோன்றாமற் போவதற்கு இரண்டு காரணங்கள் பெரும்பான்மை. அவற்றை விளங்கிக்கொள்ள வட்டெழுத்தை நினைவுகூர்தல் தகும். பாண்டிநாட்டில் முற்காலத்தே வட்டெழுத்து வழங்கிற்று. பிற்காலச் சோழர் ஆட்சி இங்குப் பரவிய பின்னர் அது மெல்ல வழக்கொழிந்தது. வட்டெழுத்துக் கல்வெட்டின்முன் இன்று நிற்பவர்க்குக் கல்லில் ஏதோ கீறல்கள் உள்ளன என்று மட்டுமே தோன்றும். எழுத்து இல்லாமற் போகவில்லை, படிக்கத் தெரியவில்லை.

விரலியில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகள் பல. அவற்றுள் ஃபேட்32 என்பது பழையது. ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சிகளும் அதனைப் படிக்கும். ஆயின் அதிற் கோப்பு ஒவ்வொன்றும் 4 ஜிகாபைட்டுக்கு உட்பட்டே இருத்தல் வேண்டும். ஒரு மணி நேரத் திருவிழாப் பதிவு அவ்வளவைக் கடந்துவிடக்கூடும். விரலியில் இடம் நிறைய இருக்கவும், 'கோப்பு மிகப் பெரிது' எனக் கணிப்பொறி மறுப்பதற்கு இதுவே காரணம். 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் முறையில் இத்தடை இல்லை. புதிய தொலைக்காட்சிகளுட் பல இதனை ஏற்கும். என்.டி.எஃப்.எஸ். என்னும் மூன்றாவது முறையைச் சில ஏற்கும், சில ஏலா. வாங்கும்போது கொடுத்த கையேட்டைப் பார்த்தல் நலம். அதனைக் குப்பையில் இட்டவர் பலர்.

மற்றொரு காரணம், கோப்பின் உட்பொருள். எம்.பி.4 என்பது பெட்டியின் பெயரேயன்றி உள்ளிருக்கும் படத்தின் மொழியன்று. ஒரே வடிவான இரு பெட்டிகளுள் ஒன்றில் எச்.264 என்னும் முறையிலும், மற்றொன்றில் எச்.265 என்னும் புதிய முறையிலும் படம் சுருக்கப்பட்டிருக்கலாம். பழைய தொலைக்காட்சி முன்னதைக் காட்டி, பின்னதைக் காட்டாது விடும். ஒலி மட்டும் கேட்டுப் படம் வாராமையும் உண்டு. அங்ஙனமாயின் கணிப்பொறியில் வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருள்கொண்டு அதனை எச்.264 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் பேரிடர் ஒன்று காத்திருக்கின்றது. படிக்கத் தெரியாத விரலியைக் கண்ட தொலைக்காட்சி, 'இதனைப் பயன்படுத்தப் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என வினவும். நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் வசதியுள்ள தொலைக்காட்சியும் இவ்வாறு கேட்கும். வினா பணிவாகத்தான் இருக்கும். வட்டெழுத்தை அறியாத ஒருவன், 'இக்கல்லைச் செதுக்கி வழவழப்பாக்கித் தரட்டுமா?' என்று கேட்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மறைந்த பாட்டியின் தாலாட்டு ஒரு விரலியில் மட்டுமே உள்ளது என வைத்துக்கொள்ளுங்கள். சிறுவன் ஒருவன் 'ஆம்' என்னும் பொத்தானை அழுத்திவிட்டால், அவ்வீட்டார் அக்குரலை மீண்டும் எங்குக் கேட்பர்? அழுத்திவிட்டாலும் உடனே மனம் தளர வேண்டா. விரைவாக அழிக்கும்போது பெரும்பாலும் முதலில் மறைவது உள்ளுறைப் பட்டியலே. நூலின் பக்கங்கள் சிலபொழுது எஞ்சியிருக்கும். ஆதலின் விரலியைக் கழற்றி, அதில் வேறெதனையும் எழுதாது, மீட்டுத்தரும் திறமுடையாரிடம் காட்டுக. மேலே ஒரு படத்தை எழுதிப் பார்த்தவர்க்கு அவ்வழியும் பெரிதும் அடைபடும். பதிவுக்கென்று தொலைக்காட்சி மாற்றியமைத்த விரலியோ, அத்தொலைக்காட்சிக்கன்றிப் பிறிதொன்றிற்கும் பயன்படாதிருத்தல் பெருவழக்கு. பதிவு செய்ய விரும்புவார் அதற்கென வெற்று விரலி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்க.

எழுதிக்கொண்டிருக்கும்போதே விரலியைப் பிடுங்குதலும் கூடாது. எழுத்தாணி ஓலையில் ஓடும்போது ஓலையை உருவினால் என்னாகும்? கணிப்பொறியில் 'பாதுகாப்பாக நீக்கு' என்பதை அழுத்தி, விடை வந்தபின் எடுத்தல் முறை. அச்செடுக்கும் கடைகளில் பலருடைய விரலிகள் ஒரே கணிப்பொறியிற் செருகப்படுதலின் நச்சுநிரல் தொற்றுவதும் எளிது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல் விரலிகள் வழியாகவும் பரவி, ஈரான் நாட்டு யுரேனியம் செறிவூட்டும் நிலையத்தின் பொறிகளைக் கெடுத்தது. வீதியிற் கிடந்த விரலியை எடுத்துச் செருகிப் பார்ப்பது ஒருபோதும் வேண்டா.

மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. பனையோலை, பேணினால் சில நூற்றாண்டு தாங்கும். விரலியோ பெட்டியிற் கிடந்தபடியே சில ஆண்டுகளிலும் மறதியுறலாம். கல்லுக்கு நிலைபேறு உண்டு; இடம்பெயர்தல் இல்லை. விரலிக்கு இடம்பெயர்தல் உண்டு, நிலைபேறு இல்லை. நம் முன்னோர் ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் படியெடுத்தனர். அங்ஙனம் படியெடுக்கப்படாத நூல்கள் இன்று பெயரளவாய் நிற்கின்றன. ஆகையால் விரலியிலுள்ளதைக் கணிப்பொறியில் ஒரு படியும், வேறொரு வன்தட்டில் மற்றொரு படியும் வைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் இருப்பின் பின்னும் நன்று.

படியெடுத்தல் ஒன்றே போதுமா என்பதற்கு 'மதுரைத் திட்டம்' சான்று. தமிழ்ச்சங்கங்களின் நினைவாக மதுரையின் பெயரைத் தாங்கிய அத்திட்டத்தைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கினார். பல நாடுகளிலுள்ள தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழைதிருத்தியும் உதவினர். அத்திட்டத்தின் முதல் நூல் திருக்குறள். அக்காலத்துத் தமிழுக்குப் பொதுவான குறியீடு இன்மையால், நூல்கள் முதலில் மயிலை எழுத்துருவில் அமைந்தன. பின்னர் டிஸ்கி என்னும் குறியீட்டுக்கு மாறின. அதன்பின் ஒருங்குறிக்கு மாறின. பழைய எழுத்துருவிலேயே விட்டிருந்தால், இன்றைய கணிப்பொறியில் அவை பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகவே தோன்றும். வீட்டில் பழைய குறுவட்டிலோ விரலியிலோ பத்து இருபது ஆண்டுகட்குமுன் தட்டச்சிட்ட தமிழ்க்கட்டுரை இருப்பின், அதனைத் திறந்து பாருங்கள். உரோம எழுத்துகள் தோன்றினால் அழித்துவிடாதீர்கள். அவற்றை ஒருங்குறியாக மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் பிழைபார்க்கும்போது ரகர றகரங்களை மட்டும் சற்று ஊன்றி நோக்குக.