திரைக்குள் ஆடும் கால்பந்து: குணமும் குற்றமும்

கால்பந்தாட்டம் என்றவுடன் சேறும், விசிலின் ஒலியும், முழங்காலில் பட்ட காயமும் நேயர்களில் பலருக்கு நினைவுக்கு வரலாம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கால்பந்தாட்டத்தில் சேறும் கிடையாது, காயமும் கிடையாது. ஆடுபவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். இரு கைகளிலும் ஒரு சிறு கருவி இருக்கும். எதிரே தொலைக்காட்சித் திரையில் இருபத்திரண்டு வீரர்கள் ஓடுவார்கள். வீடியோ விளையாட்டு என்று பிள்ளைகள் சொல்லும் இதனை வீண்வேலை என்று பெற்றோர் ஒதுக்கிவிடுவதுண்டு. ஒதுக்குவதற்குமுன் அதன் உள்ளே இருப்பது யாது என்று பார்த்துவிடுவது முறையல்லவா?

இந்த ஆராய்ச்சியில் நாம் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாம் கொல்கத்தாவில் இருந்தோம். கத்தாரில் உலகக் கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்த சமயம் அது. தெருவுக்குத் தெரு அர்ஜென்டினாவின் கொடியும் பிரேசிலின் கொடியும் பறந்தன. லேக் மார்க்கெட் பக்கத்தில், உத்தியோக மாற்றலாகிக் குடும்பத்துடன் வந்திருந்த தஞ்சாவூர் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றோம். அவருடைய பதின்மூன்று வயது மகன், ஆறு மாதங்களாக வங்காளி மொழி தெரியாமல், பள்ளியில் பேச்சுத் துணையின்றி இருந்தவன். அன்று அவனைச் சுற்றி மூன்று வங்காளிச் சிறுவர்கள் அமர்ந்து பெருங்கூச்சல் போட்டுக்கொண்டிருந்தனர். ஒருவன் மோகன் பகான் அணியை எடுத்துக்கொண்டான்; மற்றொருவன் ஈஸ்ட் பெங்கால். நம் நண்பர் மகன் சென்னையின் அணி. அவர்கள் ஆடிய 'ஃபிஃபா 23' என்ற ஆட்டத்தில் இந்தியன் சூப்பர் லீக் அணிகளும் இடம்பெற்றிருந்தன. முந்தைய ஆண்டின் பதிப்பில்தான் அவை முதன்முதலாக அதனுள் நுழைந்தன.

பிள்ளைகள் கலைந்து சென்றபின் தகப்பனாருக்கும் மகனுக்கும் வாதம் மூண்டது. மகன் ஒரு தொகை கேட்டான். பெரிய தொகை அன்று. ஆட்டத்துக்குள்ளேயே விற்கும் ஏதோ ஒன்றை வாங்க வேண்டுமாம். "நீங்களே சொல்லுங்கள் சார், இது விளையாட்டா, சூதாட்டமா?" என்று நண்பர் நம்மைக் கேட்டார். "மாமா, அப்பா ஒரு தடவைகூட ஆடிப் பார்த்ததில்லை" என்று பையன் முறையிட்டான். அன்று நாம் தீர்ப்பு ஏதும் கூறவில்லை. ஆடிப் பார்த்தும், ஆடுவோரை விசாரித்தும் பின்னர் அறிந்தவற்றையே இங்கே கூறுகிறோம்.

இந்த ஆட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1993ஆம் ஆண்டின் இறுதியில் இதன் முதற்பதிப்பை வெளியிட்டது. அதில் தேச அணிகள் மட்டுமே இருந்தன; வீரர்களின் பெயர்களோ கற்பனை. மெய்யான பெயர்களைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். அதைப் பெற்ற பின்னரே ஆட்டம் உலகெங்கும் பரவிற்று. உலகக் கால்பந்துக் கழகத்தின் பெயரைத் தாங்கி இருபத்தொன்பது ஆண்டுகள் வெளிவந்தபின் அவ்வொப்பந்தம் முடிவுற்றது. 2023 முதல் அதே ஆட்டம் 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' என்ற பெயரில் வருகிறது. இதற்கு எதிர்க்கடை விரித்தது ஜப்பானின் கோனாமி நிறுவனம். 'புரோ எவலூஷன் சாக்கர்' என்ற அதன் ஆட்டத்தில் பந்துக்கு எடை இருப்பதுபோல் விரலுக்கே தோன்றும் என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். உரிமந்தான் போதவில்லை. லிவர்பூல் அணி அதில் 'மெர்சிசைட் ரெட்' என்ற மாற்றுப் பெயரில் ஆடிய காலம் உண்டு. அப்படியிருந்தும் ஆட்டத்தின் சுவைக்காகவே அதை விரும்பியோர் அநேகர்.

அந்த நற்பெயர் ஒரே நாளில் சரிந்ததையும் கூற வேண்டும். 2021 செப்டம்பர் 30ஆம் நாள் கோனாமி அதனை 'ஈஃபுட்பால்' என்று பெயர் மாற்றி இலவசமாக வெளியிட்டது. வீரர்களின் முகங்கள் கோணின, உடல்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன, உலகமே நகைத்தது. நிறுவனம் அடுத்த நாளே வருத்தம் தெரிவித்தது. ஓரளவு சீர்திருத்திய பதிப்பு 2022 ஏப்ரலில்தான் வந்தது. இலவசமாகக் கொடுத்தாலும் ஆட்டம் ஆட்டமாக இல்லையெனில் எவரும் பொறுக்கமாட்டார் என்பதற்கு இது சான்று.

இனி, ஆடும் முறையைச் சிறிது விளக்குவோம். ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் இருந்தாலும், ஆடுபவர் ஒரு சமயத்தில் ஒருவரையே இயக்குகிறார். கட்டைவிரலால் ஒரு சிறு தண்டை அசைத்தால் அவ்வீரன் ஓடுவான். ஒரு பொத்தானை அழுத்தினால் பந்து தோழனுக்குச் செல்லும். அழுத்தும் நேரம் நீள நீள உதையின் வேகம் கூடும். பந்து வேறொருவனிடம் போனவுடன் ஆடுபவரின் ஆட்சியும் அவனிடம் போய்விடும். எஞ்சிய பத்துப் பேரையும் இயந்திரமே நடத்துகிறது. ஆகவே இது ஒருவர் ஆடும் ஆட்டமே அன்று. மனிதர் ஒருவரும் இயந்திரத் தோழர் பத்துப் பேரும் கூடி ஆடும் ஆட்டம்.

இதன் முதற்குணம் இங்கிருந்தே பிறக்கிறது. மைதானத்தில் ஆடும் சிறுவன் தன் காலடியில் உள்ள பந்தையே பார்க்கிறான். திரையில் ஆடுபவனோ மேலிருந்து களம் முழுவதையும் காண்கிறான். இடது ஓரத்தில் வெற்றிடம் இருக்கிறது, நடுவில் ஐவர் நெருங்கி நிற்கிறார்கள், ஆகவே பந்தை ஓரத்துக்கு அனுப்பவேண்டும் என்ற கணக்கு அவனுக்குத் தானே புலப்படுகிறது. 'ஆஃப்சைடு' விதியை நாம் எத்தனையோ முறை கேட்டு மறந்தவர்கள். இரண்டு மாலை ஆடியதில் அது மனத்தில் பதிந்துவிட்டது. வீரர்களின் அசைவும் வியக்கத்தக்கது. 2021ஆம் ஆண்டுப் பதிப்புக்காக, உடலசைவைப் பதியும் உடையணிந்த இருபத்திருவரை முழு வேகத்தில் மெய்யாகவே ஆடச்செய்து அந்த அசைவுகளைப் பதிவு செய்தனர். 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் பன்னிரண்டு நாடுகளின் மகளிர் அணிகள் சேர்ந்தன. தம்பியுடன் சமமாக அமர்ந்து ஆடும் சகோதரிகளுக்கு அது சிறிய செய்தி அன்று.

ஒவ்வொரு வீரனுக்கும் வேகம், உதை, பந்தளிப்பு, பந்தாளுகை, தற்காப்பு, உடல்வலி என்ற ஆறு தலைப்புகளில் மதிப்பெண் உண்டு. அவற்றின் அடியில் முப்பதுக்கும் மேற்பட்ட நுண்கூறுகள். உலகின் பல பகுதிகளில் இருந்து ஆட்டங்களைக் கவனிப்போர் அனுப்பும் மதிப்பீடுகளைக் கொண்டு இவை அமைகின்றன. 2010, 2014, 2018, 2022 ஆகிய நான்கு உலகக் கோப்பைகளுக்கும் இந்த எண்களை வைத்து அந்நிறுவனம் முன்கூட்டியே ஓர் ஒத்திகை நடத்தி, வெல்லும் நாட்டைச் சரியாகவே கூறியது. (அதற்காக அதை ஆரூடம் என்று எண்ணிவிட வேண்டாம். நான்கு முறையும் வென்றவை முன்னணி நாடுகளே.)

குற்றங்களுக்கு வருவோம். முதலாவது, வேகத்துக்கு அளவுக்கு மீறிய மதிப்பு. மெய்யான களத்தில் நிதானமும் இடமறிந்து நிற்கும் அறிவும் வேகத்தை வெல்வதுண்டு. திரையில் வேகமாக ஓடுபவனைத் தடுப்பது பதிப்புக்குப் பதிப்பு பெரும்பாடாகவே இருந்து வருகிறது. ஆகவே ஆடுவோர் யாவரும் ஒரே வகையான ஓட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆறு நிமிடம் என்ற சுருக்கத்தில் தொண்ணூறு நிமிட ஆட்டத்தை அடக்குவதால், காத்திருத்தல் என்ற கலையே இதில் இல்லாமற்போகிறது. கோல்கள் மலிந்து விழுகின்றன. கால்பந்தின் அருமையே கோலின் அருமைதான் என்று கருதும் நமக்கு இது பெருங்குறை.

இரண்டாவது, இயந்திரத் தோழர்களின் நடத்தை. நாம் ஒருவனை நினைத்துப் பொத்தானை அழுத்த, ஆட்சி மற்றொருவனிடம் போய்விழும். அந்த அரை நொடியில் எதிரி கோல் போட்டுவிடுவான். இத்தகைய விபத்துகள் பெருகவே, தோற்பவரைத் தூக்கிவிடவும் வெல்பவரை அமுக்கவும் இயந்திரம் மறைவாகச் சதி செய்கிறது என்ற ஐயம் ஆட்டக்காரரிடையே வேரூன்றிவிட்டது. 2020இல் கலிஃபோர்னியாவில் இதுபற்றி வழக்கும் தொடுத்தனர். நிறுவனம் உறுதியாக மறுத்தது. 2021இல் வழக்குத் தொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சதி என்பதை நாமும் நம்பவில்லை. பத்துப் பேரின் அறிவு நம் கையில் இல்லாத ஆட்டத்தில், தோல்விக்குப் பிறரைக் குற்றம் சாட்டும் வசதி மிகுதியாக இருக்கிறது, அவ்வளவே.

இவையெல்லாம் ஆட்டத்தின் குறைகள், பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தகப்பனாரை வருத்தியது வேறு. அது களத்தில் இல்லை. களத்தின் ஓரத்தில் கட்டப்பட்ட கடையில் இருக்கிறது.

2009இல் 'அல்டிமேட் டீம்' என்ற பகுதி ஆட்டத்துடன் சேர்க்கப்பட்டது. உலகின் எந்த வீரனையும் சேர்த்துத் தனக்கென ஓர் அணி அமைக்கலாம். வீரர்கள் சீட்டுகளாக வருகிறார்கள். சீட்டுகள் 'பேக்' எனப்படும் மூடிய பொட்டலங்களில் வருகின்றன. ஆடி ஈட்டிய நாணயத்தாலும் பொட்டலம் வாங்கலாம். மெய்யான பணத்தாலும் வாங்கலாம். உள்ளே மெஸ்ஸி இருக்கிறாரா, பெயரறியாத ஒருவர் இருக்கிறாரா என்பது பிரித்தால்தான் தெரியும். சிறந்த வீரர் கிடைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு என்று பல பொட்டலங்களின்மேல் நிறுவனமே 2018 முதல் அச்சிட்டுக் காட்டுகிறது. பிரிக்கும்போது வெடியும் ஒளியும் எழும். அடுத்த முறை கிடைத்துவிடும் என்ற ஆசையை அது மூட்டுகிறது. இவ்வாறு சேர்த்த அணி அவ்வாண்டுப் பதிப்போடு முடிந்துவிடும். மறு ஆண்டின் பதிப்புக்கு ஒரு வீரனையும் எடுத்துச் செல்ல இயலாது. பம்பரம் வாங்கிய சிறுவனுக்குப் பம்பரமாவது மிஞ்சும்!

இது சூதா என்பதில் அரசுகளும் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018இல் இத்தகைய பொட்டலங்கள் சட்டத்துக்கு மாறானவை என்றது. 2019 சனவரி இறுதியில் அந்நாட்டில் பணத்துக்கு விற்பது நின்றது. அண்டை நாடான நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட ஒரு கோடி யூரோ அபராதத்தையோ, 2022இல் அந்நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் நீக்கிவிட்டது. நம் நாட்டில் 2025இல் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், பணயம் வைத்துப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸ் எனும் போட்டி ஆட்டங்களை வேறாகப் பிரித்து ஆதரிக்கிறது. பொட்டலத்திலிருந்து எவரும் பணம் எடுத்துச் செல்வதில்லை. ஆதலின் அதனை எப்பக்கம் சேர்ப்பது என்பது வழக்கறிஞர் வாதத்துக்கு உரியது. சட்டம் எப்படியிருப்பினும், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் விலை சொல்லி, பொருளைச் சொல்லாமல் விற்பது நமக்கு உடன்பாடன்று. உள்ளிருப்பதை முன்கூட்டியே காட்டும் சில பொட்டலங்களை 2021இல் அந்நிறுவனமே புகுத்தியது. அப்படியும் விற்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் நண்பர் கவனிக்காத ஒன்று இருந்தது. அன்று நால்வரும் கூடி ஆடியபோது ஒரு பொட்டலமும் பிரிக்கப்படவில்லை. ஒரே அறையில் அருகருகே அமர்ந்து, இருக்கிற அணிகளில் ஒன்றை எடுத்து ஆடுவதற்குப் பொட்டலம் தேவையே இல்லை. அணியின் பலம் முன்னமே வகுக்கப்பட்டது. பணம் உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் அதே சென்னையின், அதே மோகன் பகான். கடை திறந்திருப்பது முகமறியாதவருடன் தனியே இணையத்தில் ஆடும் பகுதியில்தான். அவனுக்குத் தோழர்களைத் தந்த பகுதி வேறு, அவன் காசு கேட்ட பகுதி வேறு.

இதனை நண்பருக்கு எழுதினோம். கருவியின் அமைப்பில் பெற்றோருக்கென உள்ள பூட்டினால் பணம் செலுத்தும் வழியை அடைத்துவிட்டு, நண்பர்களுடன் ஆடுவதற்குத் தடை சொல்ல வேண்டாம் என்றும் குறித்தோம். பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தானாம். மூன்றாம் நாள் வங்காளிச் சிறுவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

அடுத்த கோடையில் மீண்டும் அங்கே சென்றபோது கூடத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பையன் வங்காளியில் சரளமாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தான். தகப்பனார் கையிலும் ஒரு கருவி இருந்தது. எந்தப் பொத்தான் எதற்கென்று மகன் நடுநடுவே தமிழில் அதட்டிக்கொண்டிருந்தான். நம்மையும் அமரச் சொன்னார்கள். நாம் சென்னையின் அணியை எடுத்துக்கொண்டு, ஈஸ்ட் பெங்காலிடம் ஏழு கோல் வாங்கினோம்.