கரிசல் கற்பிக்கும் புவியியல்

தூத்துக்குடி மாவட்டத்தின் புதியம்புத்தூரைச் சுற்றியும் கோவில்பட்டி வட்டாரத்திலும் பரந்து கிடப்பது கரிசல் நிலம். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத்தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், இது மழை மறைவுப் பகுதியாயிற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றையே இங்குள்ள உழவர்கள் பெரிதும் நம்பியுள்ளனர்.

அக்காற்று தரும் மழைநீரைக் காத்துவைப்பது கரிசல் மண். களித்துகள் மிகுந்த இம்மண், நீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி ஆழமாக வெடிக்கும். மேல்மண் அவ்வெடிப்புகளில் விழுந்து அடிமண்ணோடு கலப்பதால், இதனைத் 'தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண்' என்பர். மழை ஓய்ந்த பின்னும் மண்ணில் தங்கும் ஈரமே பருத்தி, கம்பு, உளுந்து முதலியவற்றை விளைவிக்கிறது. இத்தகைய மானாவாரிப் பயிர்களை ஆராயும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

எனினும், பெய்த மழையைத்தான் மண் காக்க இயலும். ஒரு பருவம் பொய்த்தால் ஓராண்டு உழைப்பு வீணாகும். ஆதலின் மழையைச் சாராத தொழிலும் இம்மக்களுக்குத் தேவையாகிறது. புதியம்புத்தூரில் பல குடும்பங்களை இன்று ஆயத்த ஆடைத் தொழில் வாழவைக்கிறது.

மழையளவு, மண்வகை, தொழில் ஆகியவற்றை நிலவரைபடங்கள் தனித்தனியே காட்டுகின்றன. ஊரிலோ அவை ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. அப்பிணைப்பை அறிவதே புவியியல் கல்வியின் பயன்.