தாய்ச்செல்லில் வைத்த மருந்து

கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவருக்கு அடிபடவே வேண்டாம். முழங்கால் மூட்டுக்குள் தானாகவே ரத்தம் கசியும். ரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் காரணி என்ற புரதம் அவர் உடலில் உருவாவதில்லை. வழக்கமான சிகிச்சையில் அதை வாழ்நாள் முழுக்க ஊசியாக ஏற்றிக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்களிலேயே மருந்தை வைத்திருந்தார்கள். கண்காணித்த காலம் வரை ஐவரில் எவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று புரிய, எலும்பு மஜ்ஜைக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். அங்குள்ள ஸ்டெம் செல், அதாவது தாய்ச்செல், தன்னைப் போன்ற செல்லையும் உண்டாக்கும், வேறாக மாறப்போகும் செல்லையும் உண்டாக்கும். எலிகளில் இதை 1960களின் தொடக்கத்தில் காட்டியவர்கள் டொரண்டோ விஞ்ஞானிகள் டில்லும் மெக்கல்லக்கும். வாரிசுச் செல்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுப்புதான். எதை இயக்குவது, எதை அணைப்பது என்பதில்தான் வேறுபாடு.

சிவப்பணுவின் பிறப்பு எனக்குத் தீராத வியப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. மஜ்ஜையில் ஒரு மேக்ரோஃபேஜ் செல்லைச் சுற்றி இளம் செல்கள் ஒட்டிக்கொண்டு ஹீமோகுளோபினை நிரப்பிக்கொள்கின்றன. கடைசியில் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகின்றன; நடுவிலிருக்கும் மேக்ரோஃபேஜ் அதை விழுங்கிவிடுகிறது. நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் இப்படி உருவாகி, ஏறக்குறைய 120 நாள் உழைக்கின்றன. தட்டணுக்களின் கதை வேறு: மெகாகேரியோசைட் என்ற பெரிய செல் ரத்தக்குழாய்க்குள் கைகளை நீட்ட, அவை துண்டுதுண்டாக உதிர்ந்து தட்டணுக்களாகின்றன.

வேலூர்க்காரர்கள் பயன்படுத்திக்கொண்டது மோனோசைட் என்ற வெள்ளையணுக் கிளையை. நோயாளிக்கு ஊசி போட்டு ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கவைத்து, எந்திரத்தில் பிரித்தெடுத்தார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸ் ஒன்றின் மூலம் எட்டாம் காரணிக்கான மரபணுவை அவற்றில் சேர்த்தார்கள். அந்த மரபணுவோடு ஒரு சுவிட்சும் உண்டு. அது முக்கியமாக மோனோசைட் வழிவந்த செல்களில்தான் இயங்கும். தாய்ச்செல்லில் மரபணு பேசாமல் இருக்கும், வாரிசு மோனோசைட்டானதும் புரதம் சுரக்கத் தொடங்கும். எவ்வளவு நுட்பமான யோசனை!

சுலபமான சிகிச்சை அல்ல இது. மரபணு சேர்த்த செல்களை நோயாளிக்குத் திரும்ப ஏற்றுமுன், அவற்றுக்கு இடம் உண்டாக்கக் கீமோதெரபி கொடுத்துப் பழைய மஜ்ஜையை ஒடுக்க வேண்டும். வெள்ளையணு சரியும் அந்த நாட்களில் சாதாரணக் கிருமியும் ஆபத்து. 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவரும் கைகள் என்பதால் அதைச் சமாளிக்கும் பழக்கம் அங்கே இருந்தது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சேர்த்த மரபணு பல ஆண்டு கழித்தும் வேறு கெடுதல் செய்யாமல் இருக்கிறதா என்று அவர்களைத் தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.