ஈர நிலம் – 14: முழங்கால் அளவு தண்ணீர்

மாசி பிறந்ததும் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகள் இறங்கிவிட்டன. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையோரம் நின்றால் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. கார்த்திகையில் இதே இடத்தில் ஒன்றுகூட இல்லை. “இந்த வருஷம் பூநாரை வரலையே” என்று அப்போது கவலைப்பட்டவர்கள் பறவையைத் தேடினார்கள். தண்ணீரின் மட்டத்தைப் பார்க்கவில்லை.

பூநாரை பெரும்பாலும் நின்று மேயும் பறவை. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கால் சேற்றுநீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பற்களைப் போல வரிசையாக இருக்கும் தகடுகளில் கூனிப்பூச்சியும் புழுவும் பாசியும் தங்கிவிடும். இறகின் ரோஜா நிறமே அந்த இரையில் இருந்து வருவதுதான். கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை இளம்பறவைகள். நிறம் ஏற அவற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். இப்படி மேய வேண்டுமானால் கால் தரையில் ஊன்ற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்காது. தென்சென்னையைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கேதான் வந்து சேர்கிறது. வெளியேற முக்கிய வழி ஒக்கியம் மடுவு; அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். நிரம்புவது வேகமாக, வடிவது மெதுவாக. நீர் ஏறி நிற்கும் அந்த மாதங்களில் ஊசிவால் வாத்து தலையை உள்ளே விட்டு வாலை நிமிர்த்தி இரை தேடும். சம்பங்கோரைப் புதருக்குள் நீலத் தாழைக்கோழி தண்டை ஒரு காலால் பிடித்து, குருத்தைக் கடித்துத் தின்னும். தை முடிந்து கரை வெளிப்படத் தொடங்கினால் பவளக்காலி, பொரி உள்ளான், ஈரச் சேற்றில் ஓடித்திரியும் பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் வந்துவிடுகின்றன.

என் மனம் எப்போதும் நிற்பது நீளவால் இலைக்கோழியிடம்தான். நாம் சபிக்கிற ஆகாயத்தாமரை மேல் நீண்ட விரல்களைப் பரப்பி அமிழாமல் நடக்கிறது. இப்போது அந்தப் பெயர்பெற்ற வால் இல்லை. இனப்பெருக்க காலத்தில்தான் முளைக்கும். அப்போது பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த இணையைத் தேடிப் போக, அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான்.

வெள்ளம் வரும்போதெல்லாம், சதுப்பைத் தோண்டி ஆழமான ஏரியாக்கிவிடலாம் என்று ஒரு குரல் எழுகிறது. நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான்; ஆனால் எனக்கு அச்சமாக இருக்கிறது. எங்கும் ஆழமானால் வாத்துகள் மிஞ்சலாம், நீர்க்காகங்கள் மிஞ்சலாம். நடந்து மேய்கிற பறவைகளுக்கு இடம் இராது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு இது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். பெருங்குடிக் குப்பைமேடும் இதன் மேல்தான் வளர்ந்தது. பல்லாவரம் சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மிஞ்சிய நிலத்தில் ஆழமும் வேண்டும், மேடும் வேண்டும், இரண்டுக்கும் நடுவே சாய்ந்து இறங்கும் சேற்றுக்கரையும் வேண்டும்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் 2021இல் திறந்த சூழல் பூங்காவுக்குக் காலையில் வருகிறவர்கள் பலர் பறவைப் பட்டியல் எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்பேன்: பெயருக்கும் எண்ணிக்கைக்கும் பக்கத்தில், பூநாரை நிற்கும் இடத்தில் தண்ணீர் அதன் கணுக்காலைத் தொடுகிறதா, முழங்காலைத் தாண்டுகிறதா என்று குறித்துவையுங்கள். பங்குனியில் நீலச்சிறகி வாத்துகள் வடக்கே கிளம்பும். கடைசிக் கூட்டத்தை எந்த நாளில், எந்த நீர்மட்டத்தில் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.