நோய்ப்படுக்கையில் கேட்ட மணியோசை

காய்ச்சலில் கிடந்து வருந்தாதவர் நம்மில் எவரும் இலர். பகற்பொழுது ஒருவாறு கழிந்துவிடும். யாரேனும் வருவர், கஞ்சி கொடுப்பர், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பர். இரவுதான் கொடிது. வீட்டார் உறங்கிய பின் கடிகாரத்தின் ஓசை ஒன்றே துணையாக, விழித்த கண்ணோடு கிடக்கும் நோயாளிக்கு உடலின் வெப்பத்தைவிட உள்ளத்தின் நடுக்கமே பெரிதாகத் தோன்றும். அந்த நடுக்கத்துக்கு மருந்து உண்டா? உலகச் சமயங்கள் யாவும் தத்தம் வழியில் இதற்கு விடை கூறியிருக்கின்றன. கிறிஸ்தவ சமயம் கூறும் விடையை ஒரு போதகரின் அறிவுரையாகக் கேளாமல், நோயாளி ஒருவர் தம் படுக்கையில் கண்ட அனுபவமாகக் கேட்போம்.

அந்த நோயாளியின் பெயர் ஜான் டன். ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் அவரைக் கவிஞராக அறிவர். 1572ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், அந்நாளைய அரசு ஒடுக்கி வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். கத்தோலிக்கக் குரு ஒருவருக்குப் புகலிடம் அளித்த குற்றத்துக்காகச் சிறை புகுந்த அவருடைய தம்பி ஹென்றி, 1593இல் சிறையிலேயே நோயுற்று இறந்தார். பிற்காலத்தில் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்த டன், 1615இல் குருப்பட்டம் பெற்றார். 1617இல், பன்னிரண்டாவது பேற்றில் பிள்ளையும் இறந்து பிறக்க, மனைவி ஆன் அம்மையாரும் சில நாளில் உயிர் நீத்தார். 1621இல் டன், புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குரு ஆனார். அவருடைய சொற்பொழிவைக் கேட்க நகரமே திரண்டது எனலாம். சாவைப் பற்றியும் ஆறுதலைப் பற்றியும் பிறருக்கு எடுத்துரைப்பதே அவர் தொழில்.

அத்தகையவரை 1623ஆம் ஆண்டின் இறுதியில் கடுங்காய்ச்சல் ஒன்று திடீரெனத் தாக்கியது. பேன்களால் பரவும் மீள்காய்ச்சல் என்றும், டைபஸ் என்றும் அதனை இக்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இவ்விரு நோய்களையும் இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எளிதில் தீர்த்துவிடும். அக்காலத்திலோ நோய்க்குக் காரணமான கிருமியை எவரும் அறியார். உடலில் உள்ள நால்வகை நீர்களின் சமநிலை குலைவதே நோய் என்று மருத்துவ நூல்கள் கூறின. தலைக்கு ஏறிய நச்சாவியைக் கீழே இழுப்பதற்காக, புறாக்களை அறுத்து நோயாளியின் பாதங்களில் வைத்துக் கட்டினார்கள்! டன்னுக்கும் இச்சிகிச்சை நடந்தது. இன்று நமக்கு நகைப்பாக இருக்கலாம். அப்படுக்கையில் கிடந்தவருக்கு அது நகைப்பாக இல்லை.

சாவின் வாயில்வரை சென்று மீண்ட டன், அந்நாட்களின் எண்ணங்களை ஒரு நூலாக்கினார். 1624ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிலேயே அது அச்சுக்கு ஆயத்தமாகிவிட்டது என்றால், எழுந்து உட்கார வலிமை வருமுன்பே எழுதுகோலை எடுத்துவிட்டார் என்பது விளங்கும். அந்நூலில் இருபத்து மூன்று பகுதிகள் உண்டு. முதல் நடுக்கம், படுக்கையில் வீழ்தல், மருத்துவரை அழைத்தல், உடலில் புள்ளிகள் தோன்றுதல், உறக்கமின்மை, நோய் தணிதல், மீண்டும் எழுந்து நிற்றல் என நோயின் போக்கை அவை படிப்படியாகத் தொடர்கின்றன. ஒவ்வொரு பகுதியிலும் மூன்று உறுப்புகள். முதலாவது, மனித நிலைமையைப் பற்றிய சிந்தனை, அடுத்தது, இறைவனோடு வழக்காடல், மூன்றாவது, மன்றாட்டு. இந்த வரிசையை மறவாதீர்கள். வழக்காடிய பின்னரே மன்றாட்டு வருகிறது.

ஆறாம் பகுதி அச்சத்தைப் பற்றியது. மருத்துவர் நோயைக் கூர்ந்து நோக்குகிறார். நோயாளி மருத்துவரின் முகத்தைக் கூர்ந்து நோக்குகிறார். அம்முகத்தில் அச்சம் தெரிகிறது. அதை அவர் மறைக்க முயல்கிறார் என்பதும் தெரிகிறது. அவர் மறைக்க மறைக்க, இவருடைய அச்சம் விரைந்தோடி அவருடைய அச்சத்தை முந்திவிடுகிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, பரிசோதனைத் தாளைப் புரட்டும் மருத்துவரின் புருவத்தைப் பார்த்திருந்தவர்களுக்கு இது நானூறு ஆண்டுப் பழமையான செய்தியாகத் தோன்றாது.

இறைவனை நம்பும் ஒருவர் இப்படி அஞ்சலாமா என்று ஒரு மாணவர் கேட்கலாம். அஞ்சுவது நம்பிக்கைக் குறைவு என்று சொல்லும் பக்தர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கிறிஸ்தவத் திருமறையைப் படித்தால் இக்கூற்று நிலைக்காது. சங்கீதங்களில் எத்தனையோ பாடல்கள் அச்சத்தின் கூக்குரலாகவே தொடங்குகின்றன. யோபு தம் நோயில் இறைவன்மீதே குறை கூறுகிறார். அவரைத் தேற்ற வந்த நண்பர்கள் இறைவனுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். இறுதியில் இறைவன் கடிந்துகொள்வது, பரிந்து பேசிய அந்த நண்பர்களைத்தான். இவற்றினும் மேலாக, இயேசு பெருமான் கெத்செமனேத் தோட்டத்தில் துயருற்று, தமக்கு வரவிருந்த துன்பப் பாத்திரம் நீங்குமாறு வேண்டினார் என்று நற்செய்தி நூல்கள் உரைக்கின்றன. சிலுவையில் தொங்கிய வேளையில், தாம் கைவிடப்பட்டதாகவே அவர் கதறினார். கிறிஸ்தவ ஆறுதலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. அஞ்சாத ஒருவர் வானத்திலிருந்து “அஞ்சாதே” என்று சொல்லவில்லை. அச்சத்தை அனுபவித்தவரே நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கிறார். ஆகவே டன் தம் அச்சத்தை ஒளிக்கவில்லை. அச்சமே இல்லாத உள்ளத்தை அவர் கேட்கவுமில்லை. தம்மை விழுங்கிவிடும் அச்சத்தை, இறைவனை நோக்கி நடத்திச் செல்லும் அச்சமாக மாற்றித் தரும்படி மன்றாடுகிறார்.

நோய் தரும் துன்பங்களுள் மிகப் பெரியது ஒன்று உண்டு என்கிறார் டன். அது தனிமை. தொற்று நோய் என்றால் துணைக்கு வருவோர் வர அஞ்சுவர். மருத்துவரே வாசலில் தயங்குவார். இறந்தவர் பிறருக்குத் தொற்றைப் பரப்பினாலும் அவரைப் புதைத்துவிடலாம். உயிரோடு இருப்பவருக்கோ தனிமையை அன்றி வேறு வழி கிடையாது. 2020ஆம் ஆண்டில், கொரோனா நோயினால் மூடிய கதவுகளுக்குப் பின்னே கிடந்தவர்களும், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று தாய் தந்தையரைக் கண்டவர்களும் இதற்கு உரை எழுத வல்லவர்கள். டன்னுக்கு மற்றொரு வேதனையும் இருந்தது. ஆலயத்தில் நின்று பேச வேண்டியவர், அவ்வாலயத்துக்கே புறம்பாக்கப்பட்டவர்போல அறையில் அடைபட்டுக் கிடந்தார்.

அத்தனிமையை உடைத்தது எது? அருகிலிருந்த கோயிலின் மணி. அந்நாளைய லண்டனில் ஒருவர் உயிர் பிரியும் தறுவாயில் இருந்தால் மணியை மெல்ல அடிப்பார்கள். அதைக் கேட்டவர்கள் அவருக்காகச் செபிப்பர். உயிர் பிரிந்ததும் மணி வேறு வகையாக ஒலிக்கும். நூலின் மூன்று பகுதிகளில் இம்மணி கேட்கிறது. முதலில் யார் யாருக்கோ நிகழும் அடக்கங்களின் மணி. பிறகு, இறந்துகொண்டிருக்கும் ஒருவருக்காக மென்மையாக ஒலிக்கும் மணி. இறுதியில், அவர் இறந்துவிட்டார் என்று அறிவிக்கும் மணி.

சாவோடு போராடும் நோயாளிக்குச் சாவு மணியைப்போல் அச்சம் தரும் ஒலி வேறு உண்டோ? சன்னலை அடைக்கச் சொல்லியிருந்தால் நாம் குறை கூற மாட்டோம். டன் அவ்வாறு செய்யவில்லை. காதைத் திறந்து கேட்டார். தம் நிலை எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதைத் தாமே அறியாதிருக்க, சுற்றியுள்ளோர் தமக்காகவே அம்மணியை அடிக்கச் செய்திருக்கலாமே என்ற ஐயம் முதலில் எழுகிறது. அந்த ஐயத்திலிருந்து அவருடைய சிந்தனை விரிகிறது. திருச்சபை என்பது ஓர் உடல். ஒரு குழந்தைக்குத் திருமுழுக்குத் தந்தால் அந்நிகழ்ச்சி தமக்கும் உரியது. ஒருவரை அடக்கம் செய்தால் அதுவும் தமக்கு உரியது. மனித குலம் முழுவதும் ஒரே நூல். ஒருவர் இறக்கும்போது அந்நூலின் ஓர் இயல் கிழித்தெறியப்படுவதில்லை, மேலான மொழி ஒன்றில் பெயர்க்கப்படுகிறது என்ற உவமையை அவர் அமைக்கிறார். மொழிபெயர்ப்பில் பழகியவர்களுக்கு இவ்வுவமையின் சுவை நன்கு விளங்கும். எந்த மனிதனும் கடல் சூழ்ந்த தனித் தீவு அல்லன் என்னும் புகழ்பெற்ற கருத்து இந்தப் பகுதியில்தான் வருகிறது. அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே, ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி 1940இல் வெளியிட்ட நாவலுக்குத் தலைப்பு எடுத்ததும் இங்கிருந்துதான். அக்கருத்தை மேடைகளில் எடுத்தாள்வோர் பலர், அது எழுந்து நிற்கவும் இயலாத ஒருவர் நோய்ப்படுக்கையில் எண்ணியது என்பதை மறந்துவிடுகின்றனர்.

மணிக்குரிய அந்த மனிதருக்காக டன் செபிக்கிறார். பெயர் தெரியாது, முகம் தெரியாது. தமக்காகப் பிறர் செபிக்க வேண்டிய நிலையில் கிடப்பவர், பிறருக்காகச் செபிக்கத் தொடங்குகிறார். அக்கணத்தில் அவர் தனியர் அல்லர். என் மனத்துக்கு, நூல் முழுவதிலும் ஆறுதல் மெய்யாகவே வந்திறங்கும் இடம் இதுதான்.

டன் கூறுவன அனைத்தையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. தம் நோய் தம் பாவத்தின் விளைவு என்று அவர் பல இடங்களில் தம்மையே வருத்திக்கொள்கிறார். அக்காலத்தார் பலரும் அவ்வாறே எண்ணினர். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா இவன் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் அன்று என்று இயேசு மறுத்ததை யோவானின் நற்செய்தி கூறுகிறது. நோயாளியின் தலைமாட்டில் நின்று பாவக் கணக்குப் பார்ப்போர் இன்றும் உளர். அவர்கள் அப்பகுதியை ஒருமுறை படிப்பது நன்று.

மருந்தை அவர் விலக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். முதல் மருத்துவர் வேறு மருத்துவர்களையும் துணைக்கு அழைத்தார். மன்னர் முதலாம் ஜேம்ஸ் தம் சொந்த மருத்துவரையே அனுப்பி வைத்தார். ஆண்டவரை நாடாமல் மருத்துவர்களை மட்டும் நாடிய ஆசா அரசனின் கதை திருமறையில் உண்டு. எசேக்கியா அரசனின் கதையும் அதே திருமறையில் உண்டு. அவன் அழுது வேண்டினான். பதினைந்து ஆண்டு ஆயுள் கூடுதலாகக் கிடைத்தது. ஆனாலும் புண்ணின்மேல் அத்திப்பழ அடை வைத்துக் கட்டவே தீர்க்கதரிசி சொன்னார். செபமும் பற்றும் ஒருங்கே நிகழ்ந்தன.

நோய் தணிந்தது, டன் எழுந்து நின்றார். அப்போது நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், விடுதலை பெற்றும் சிறை வாயிலிலேயே அமர்ந்திருக்கும் கைதிக்குத் தம்மை ஒப்பிடுகிறார். வெற்றி முழக்கத்தோடு நூல் முடியும் என்று எதிர்பார்ப்போம், அப்படி முடியவில்லை. நோய் திரும்பிவிடுமோ என்ற அச்சமே கடைசிப் பகுதியின் பொருள். தொடக்கத்தில் இருந்த அச்சம் முடிவிலும் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் அவர் அதைத் தனியே சுமந்தார். முடிவில் அதை யாரிடம் சொல்வது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதன்பின் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1631ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் டன் மறைந்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், மெலிந்த உடலோடு வந்து மன்னர் முன்னிலையில் கடைசிச் சொற்பொழிவை ஆற்றினார். பின்னர்ச் சவத்துணியை உடுத்து, கண் மூடி நின்று, தம் உருவத்தை வரையச் செய்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் கூறுகிறார். அதனைக் கொண்டு நிக்கோலஸ் ஸ்டோன் என்னும் சிற்பி வடித்த பளிங்குச் சிலையைப் பேராலயத்தில் நிறுத்தினார்கள். 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் அப்பழைய பேராலயம் அழிந்தது, அச்சிலை பிழைத்தது. லண்டன் செல்வோர் இன்றைய பேராலயத்தில் அதனைக் காணலாம். சிலை நிற்கும் தாழியின் அடியில் தீயின் கருமை இன்னும் இருக்கிறது.